"பர்ஸ் தொலைஞ்சு போச்சு, ஊருக்குப் போகக் காசில்லை" என்று ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?

காவிரிக்கரை

வணக்கம். போன மாதம் கும்பகோணத்திலிருந்து விழுப்புரம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்து ஏறினேன். அக்கா வீட்டுக்குப் போகிற வழி. கண்டக்டர் வந்து நின்றபோதுதான் கைப்பையில் பர்ஸ் இல்லை என்று தெரிந்தது. பணம், ஏடிஎம் அட்டை, ஆதார், போன் எல்லாமே அதில்தான் இருந்தன. ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்தது வரை நினைவிருக்கிறது. அதற்கப்புறம் பேருந்து நிலையக் கூட்டத்தில் யாரோ எடுத்திருக்க வேண்டும்.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தாக இருந்தால் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, 2021 முதல் அப்படித்தான். இது வெளியூர் வண்டி. வண்டியோ ஊரைத் தாண்டிவிட்டது. எனக்குப் பேச்சே வரவில்லை. கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தார். "உட்காருங்கம்மா, எங்க போகணும்?" என்று மட்டும் கேட்டு, மெஷினில் டிக்கெட் அடித்துக் கையில் கொடுத்தார். சட்டைப்பையிலிருந்து தன் பணத்தை எடுத்துத் தோல்பையில் போட்டுக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா. சுருக்குப்பையைத் திறந்து, நாலாக மடித்த நூறு ரூபாய் நோட்டை என் கையில் வைத்து அழுத்தினார். "இறங்கினா ஆட்டோவுக்கு வேணும் இல்ல, வச்சிக்கோ கண்ணு." திருப்பித் தர நம்பர் கேட்டேன். போனெல்லாம் தனக்குக் கிடையாது என்றார். முன் சீட்டில் இருந்த கல்லூரிப் பையன் போனைக் கொடுத்தான். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அப்பாவின் நம்பர் ஒன்றுதான். அப்பாவிடம் சொல்லி, அவர் அக்காவிடம் சொல்லி, அக்கா பேருந்து நிலையத்துக்கே வந்துவிட்டாள்.

பர்ஸ் கிடைக்கவில்லை, அது போகட்டும். நான் அன்று இருந்த அதே நிலையைச் சொல்லிக் காசு கேட்பவர்கள் எல்லாப் பேருந்து நிலையத்திலும் இருக்கிறார்கள். பலர் அதையே தொழிலாகச் செய்கிறார்கள். உண்மையாகவே பறிகொடுத்தவரையும் அவர்களையும் நீங்கள் எப்படிப் பிரித்துப் பார்க்கிறீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

வடபழனி வாசி

பிரித்துப் பார்க்க முடியாது சகோதரி. அதனால் நான் காசு கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

கோயம்பேட்டில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, இடுப்பில் குழந்தை. பர்ஸை அடித்துவிட்டார்கள், திருநெல்வேலி போக வேண்டும் என்றார்கள். 500 ரூபாய் கொடுத்தேன். தென்மாவட்ட வண்டிகளெல்லாம் கிளாம்பாக்கத்துக்கு மாறிய பிறகு ஒருநாள் அங்கே போனால் அதே குடும்பம், அதே வார்த்தைகள். குழந்தை மட்டும் வளர்ந்திருந்தது.

500 ரூபாய் போனதில் எனக்கு வருத்தமில்லை. அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் அந்த முகங்கள்தான் முன்னால் வருகின்றன. உங்களைப் போல உண்மையாகத் தவித்து நின்ற எத்தனை பேரை நான் தாண்டிப் போனேனோ! அந்தக் குடும்பம் ஏமாற்றியது என்னை மட்டுமில்லை, அவர்களையும் சேர்த்துத்தான்.

பழைய கண்டக்டர்

அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நாலு விஷயம் சொல்கிறேன்.

கண்டக்டர் ஏன் சும்மா ஏற்றிக்கொண்டு போகாமல் தன் காசில் டிக்கெட் போட்டார் என்று பலருக்குத் தெரியாது. நடுவழியில் செக்கிங் ஏறினால் டிக்கெட் இல்லாத பயணிக்கு அபராதம், கண்டக்டருக்கு மெமோ. பாவம் பார்த்தேன் என்று சொன்னால் எடுபடாது. அதனால் உதவ நினைக்கிற கண்டக்டர் டிக்கெட்டை அடித்துவிட்டுக் கணக்கில் தன் பணத்தை வைத்துவிடுவார். அந்தம்மா அவமானப்படக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. கையில் டிக்கெட் இருந்தால் அவரும் மற்றவர்களைப் போல ஒரு பயணிதான்.

வடபழனி வாசி, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. எங்களையும் ஏமாற்றியிருக்கிறார்கள். ஆனால் இத்தனை வருஷத்தில் நான் கவனித்த ஒன்று. பறிகொடுத்தவர் எடுத்த எடுப்பில் பணம் கேட்க மாட்டார். முதலில் பையைத் துழாவுவார், இறங்கிப் போய்த் தேட வேண்டும் என்பார், போன் இருக்கிறதா என்று கேட்பார். பணம் என்ற வார்த்தை அவர் வாயில் வருவதற்கு ரொம்ப நேரம் ஆகும். தொழிலாகக் கேட்பவர் தொகையோடு வருவார். "முன்னூத்தம்பது இருந்தா போதும் சார்."

இதை வைத்து எப்போதும் சரியாகச் சொல்லிவிட முடியாது. கூச்சத்தை விட்டுத் துணிந்து கேட்கிற நல்லவரும் உண்டு. அதனால் நான் கையாண்டது ஒரே வழி: காசாகக் கொடுப்பதில்லை, டிக்கெட்டாகக் கொடுப்பேன். எந்த ஊர் என்று கேட்டு, அந்த வண்டியில் ஏற்றி, அந்தக் கண்டக்டரிடமே பணத்தைக் கொடுத்து டிக்கெட் வாங்கிவிடுவேன். போக வேண்டியவர் ஏறிப் போவார். மற்றவர் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று நழுவிவிடுவார்.

தென்காசிச் சாரல்

அந்தப் பூக்காரம்மாவை நினைத்தால் கண் கலங்குகிறது.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். தனியாக வரும் பெண்ணுக்குக் காசு போன கவலையோடு, யாரிடம் கேட்பது என்ற பயமும் உண்டு. மதுரை மாட்டுத்தாவணியில் இரவு நேரத்தில் எனக்கு அந்த நிலை வந்தது. உதவ வந்த ஒரு பெரியவர் என் அருகிலேயே வரவில்லை. தள்ளி நின்று தன் மனைவியை அழைத்து, போனை அவரிடம் கொடுத்து அனுப்பினார். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நான் தம்பியிடம் பேசி முடிக்கும் வரை என் பெட்டியைப் பார்த்துக்கொண்டார். தம்பி என் பெயருக்குப் பணம் அனுப்ப வழியில்லை. அதனால் அவர்கள் கணக்குக்கு ஜிபேயில் அனுப்பி, அவர்கள் கையில் இருந்த பணத்தை எனக்குத் தந்தார்கள்.

உதவுகிற ஆண்கள் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள். பணம் கொடுப்பதைவிட அந்தப் பெரியவர் தள்ளி நின்றதுதான் எனக்குப் பெரிய உதவி.

ரயில்பித்தன்

ரயிலில் போகிறவர்களுக்குச் சில விவரங்கள். இணையத்தில் எடுத்த டிக்கெட் என்றால் காகிதம் தேவையில்லை, ஆனால் அந்தப் பிஎன்ஆரில் உள்ள ஒருவராவது அடையாள அட்டை காட்ட வேண்டும். இல்லாவிட்டால் டிக்கெட் இல்லாதவராகவே கணக்கு. பர்ஸ் போனால் அட்டையும் போய்விடும். அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் உள்ள ஆதாரையும் ஓட்டுநர் உரிமத்தையும் 2018-லிருந்து ரயில்வே ஏற்றுக்கொள்கிறது. பயணத்துக்கு முன்பே அதில் கணக்கு தொடங்கிவிடுங்கள்.

பொருள் தொலைந்தது தெரிந்ததும் டிக்கெட் பரிசோதகரான டிடிஇயிடம் சொல்லுங்கள், ரயில்வே உதவி எண் 139-க்கும் அழையுங்கள். ரயில் எண், பெட்டி எண், இருக்கை எண் மூன்றும் சொன்னால் அடுத்த நிலையத்தில் ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்பிஎஃப்) ஆட்கள் வந்து பார்ப்பார்கள். மறந்து விட்டுவிட்டு வந்த பை இப்படித் திரும்பக் கிடைப்பது அபூர்வமில்லை. திருட்டு என்றால் அது ரயில்வே போலீஸ் வேலை, புகார் எழுதிக் கொடுக்க வேண்டும்.

வங்கிப் பணியாள்

காவிரிக்கரை அக்கா, ஏடிஎம் அட்டையை எப்போது முடக்கினீர்கள்? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தட்டிப் பணம் செலுத்தும் வசதி உள்ள அட்டையில் 5000 ரூபாய் வரை பின் எண் இல்லாமலே போகும். 2021 ஜனவரியிலிருந்து இந்த வரம்பு. எடுத்தவன் கையில் அட்டை இருந்தாலே போதும்.

வங்கிக்குத் தகவல் சொன்ன நிமிஷத்துக்குப் பிறகு நடக்கிற எந்த மோசடிக்கும் நீங்கள் பொறுப்பில்லை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட உத்தரவில் அது தெளிவாக இருக்கிறது. அதனால் யாராவது போன் கொடுத்தால் வீட்டுக்கு ஒரு அழைப்பு, அடுத்தது வங்கிக்கு. வங்கியின் இலவச எண்ணை ஒரு சிறு சீட்டில் எழுதி, பர்ஸில் வைக்காமல் பெட்டியில் வையுங்கள். வீட்டு எண்கள் இரண்டும் அதே சீட்டில் இருக்கட்டும். அன்று உங்கள் அப்பா நம்பரை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்நியர் போனில் பேசுங்கள், ஆனால் அதில் உங்கள் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

காவிரிக்கரை

அக்கா வீட்டுக்குப் போனதும் அவள் போனிலிருந்து முடக்கினேன். அதற்குள் ஒன்றும் எடுக்கவில்லை. சீட்டு யோசனை நல்லது, அப்பாவுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பழைய கண்டக்டர் ஐயா, டிக்கெட் விஷயத்தை நீங்கள் சொன்ன பிறகுதான் அந்தக் கண்டக்டர் செய்தது எனக்கு முழுதாகப் புரிந்தது. டிக்கெட்டை எடுத்து வைத்திருந்தேன். அதில் டிப்போ பெயர் இருந்தது. போன் செய்து நேரத்தைச் சொன்னதும் யார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கொஞ்சம் கூடுதலாக அனுப்பினேன். டிக்கெட் காசை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆய்வு மேசை

தொலைந்த பர்ஸ் கையில் கிடைத்தால் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு பெரிய ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்கள். இந்தியாவும் அதில் உண்டு. வங்கி, தபால் நிலையம், தங்கும் விடுதி, காவல் நிலையம் போன்ற இடங்களில் வரவேற்பில் இருப்பவரிடம் ஆராய்ச்சிக் குழுவின் ஆட்கள், "இது தெருவில் கிடந்தது, எனக்கு நேரமில்லை, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே உரியவரின் மின்னஞ்சல் முகவரி, ஒரு மளிகைச் சீட்டு, ஒரு சாவி. சில பர்ஸ்களில் பணம், சிலவற்றில் பணமே இல்லை.

பணம் இருந்தால் அமுக்கிவிடுவார்கள் என்றுதான் பொதுமக்கள் நினைத்தார்கள். பொருளாதார நிபுணர்களாலும் முடிவைச் சரியாகக் கணிக்க முடியவில்லை. நடந்தது வேறு. பணம் இல்லாத பர்ஸ்களில் சுமார் 40 சதவீதத்துக்கு உரியவருக்குத் தகவல் வந்தது, பணம் இருந்தவற்றில் சுமார் 51 சதவீதத்துக்கு. மூன்று நாடுகளில் தொகையை இன்னும் பல மடங்கு கூட்டிப் பார்த்தார்கள். திரும்பி வந்தது இன்னும் அதிகமானது.

எனக்கு அதில் முக்கியமாகப் படுவது சாவி. சில பர்ஸ்களில் சாவியை எடுத்துவிட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை கொஞ்சம் குறைவாகத் திரும்பின. சாவியால் எடுத்தவனுக்கு ஒரு லாபமும் இல்லை, தொலைத்தவனுக்குத்தான் அது வேண்டும். தொலைத்தவனின் தவிப்பையும் மனிதர்கள் நினைத்துப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் வடபழனி வாசியின் கேள்விக்கு இது பதில் ஆகாது. அங்கே கேட்பவர் எதிரில் நிற்கிறார், உண்மையா பொய்யா என்று ஒரு நிமிஷத்தில் முடிவு செய்ய வேண்டும். பர்ஸ் பொய் சொல்லாது.

டோக்கியோ ரயிலடி

ஜப்பானில் வேலை பார்க்கிறேன். இந்த இழையைப் படித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

வந்த புதிதில் டோக்கியோவில் பர்ஸைத் தொலைத்தேன். மொழி தெரியாது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு போலீஸ் அறை இருக்கும், 'கோபன்' என்பார்கள். அங்கே போய்க் கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். புகார் எழுதிக்கொண்டார்கள். அப்புறம், வீட்டுக்குப் போகக் காசு இருக்கிறதா என்று அந்தக் காவலரே கேட்டார். பெயர், முகவரி எழுதி வாங்கிக்கொண்டு ரயில் கட்டணத்தைக் கொடுத்தார். அவர் சொந்தப் பணம் என்று நினைத்துக் கும்பிட்டேன். அப்படியில்லை. இதற்கென்றே டோக்கியோ காவல்துறையில் ஒரு நிதி இருக்கிறது, பொதுவாக 1000 யென் வரை கடனாகக் கொடுப்பார்கள். பிறகு கொண்டுபோய்க் கட்டிவிட வேண்டும். கட்டினேன்.

பர்ஸும் கிடைத்தது, பணத்தோடு. இங்கே சட்டப்படி, கண்டெடுத்தவர் ஒப்படைத்தால் உரியவர் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை சன்மானம் தர வேண்டும். மூன்று மாதம் வரை உரியவர் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கே பொருள் போகும். என் பர்ஸை எடுத்தவர் சன்மானமும் வேண்டாம், பெயரும் சொல்ல வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். நன்றி சொல்லக்கூட ஆள் இல்லை.

ஜப்பானியர் நம்மைவிட நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. தன் சம்பளத்தில் டிக்கெட் போட்ட அந்தக் கண்டக்டர் செய்தது, எனக்குக் கடன் கொடுத்த காவலர் செய்ததைவிடப் பெரிது. இங்கே வேலை ஒழுங்காக நடக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. நம் ஊரில் அந்தப் பாரம் முழுவதும் கண்டக்டரின் சட்டைப்பையிலும் பூக்காரம்மாவின் சுருக்குப்பையிலும் விழுகிறது. நம் பேருந்து நிலையங்களிலும் இப்படி ஒரு சிறு நிதி ஏன் இருக்கக் கூடாது?

வடபழனி வாசி

இருந்தால் மறுநாளே அந்தத் திருநெல்வேலிக் குடும்பம் வரிசையில் நிற்கும்.

பழைய கண்டக்டர்

நிற்கட்டும் தம்பி. காசாகக் கொடுத்தால்தானே கவலை? திருநெல்வேலிக்கு டிக்கெட்டை அடித்து, வண்டி எண் போட்டு, டைம் கீப்பரே ஏற்றிவிடட்டும். அப்பாவின் நம்பரோ அக்காவின் நம்பரோ வாங்கி அங்கிருந்தே ஒரு போன். கேட்டவர் யார் என்று அதிலேயே தெரிந்துவிடும். தினம் எத்தனை டிக்கெட் ஆகும்? பெரிய செலவே வராது. யூனியனில் இருந்த காலத்தில் நாங்கள் சிலர் இதைப் பேசியிருக்கிறோம், நடக்கவில்லை. டோக்கியோ தம்பி சொன்னதைக் கேட்டதும், அன்றைக்கு இன்னும் அழுத்திப் பேசியிருக்கலாமே என்று இருக்கிறது.

வடபழனி வாசி

டிக்கெட் வாங்கிக் கொடுப்பது, போன் கொடுப்பது, இரண்டு இட்லி வாங்கிக் கொடுப்பது. இந்த மூன்றுக்கும் நான் தயார், இனிமேல் செய்வேன். பணமாகக் கொடுப்பதில் மட்டும் என் மனம் மாறவில்லை. தவறாக நினைக்க வேண்டாம்.

காவிரிக்கரை

தவறாக நினைக்க என்ன இருக்கிறது! நீங்கள் எல்லோரும் சொன்ன வழி சரியான வழிதான், நானும் இனி அப்படித்தான் செய்வேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பூக்காரம்மா என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. எந்த ஊர், யார் வீடு, ஒன்றுமே கேட்கவில்லை. கொடுத்தது காசு, டிக்கெட்கூட இல்லை. நான் ஏமாற்றுக்காரியாக இருந்தால் அவருக்கு அன்றைய பூ வியாபாரத்தில் பெரும்பகுதி போயிருக்கும். 500 ரூபாய் போனால் தாங்கக்கூடிய நாம் யோசிக்கிறோம். நூறு ரூபாய் போனால் தாங்க முடியாதவர் யோசிக்கவில்லை. இதை எந்த வழிமுறைக்குள் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, வைக்கவும் வேண்டாம்.

சட்டப்புத்தகம்

கண்டெடுத்தவர் பக்கத்தை யாரும் தொடவில்லை, அதனால் சுருக்கமாக. நம் ஊரில் ஜப்பானைப் போலச் சதவீதம் வைத்த சன்மானச் சட்டம் இல்லை. ஆனால் கண்டெடுத்த பொருளுக்குப் பொறுப்பு உண்டு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆவது பிரிவுப்படி, ஒரு பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைத்திருப்பவர், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைப் போல அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். உரியவர் சன்மானம் அறிவித்திருந்தால் அதைக் கேட்டுப் பெறவும் உரிமை உண்டு.

உரியவர் யார் என்று தெரிந்தும், அல்லது தேடிப் பார்க்க வழியிருந்தும் தேடாமல் எடுத்துக்கொண்டால் அது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 403, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 314. பழைய சட்டத்தில் இதற்கு உதாரணமாகச் சொன்னதே பர்ஸ்தான். யாருடையது என்று தெரியாமல் பணத்தோடு ஒரு பர்ஸை எடுக்கிறான், பிறகு யாருடையது என்று தெரிய வருகிறது, அப்படியும் தானே வைத்துக்கொள்கிறான். அவன் குற்றவாளி. நடுத்தெருவில் கிடந்த, யாருடையது என்றே தெரியாத ஒற்றை ரூபாயை எடுத்தவன் குற்றவாளி இல்லை.

மலைக்கோட்டை மாணவன்

இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கேட்கிறேன். நேற்று மாலை திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில், நடைமேடை இருக்கைக்குக் கீழே ஒரு பர்ஸ் கிடந்தது. உள்ளே 2300 ரூபாய், ஒரு வங்கியின் ஏடிஎம் அட்டை, அரசு மருத்துவமனைச் சீட்டு ஒன்று. போன் நம்பர் எங்கும் இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்தேன், யாரும் தேடி வரவில்லை. என்ன செய்யட்டும்? முகநூலில் படம் போடலாமா?

பழைய கண்டக்டர்

படம் போடாதே தம்பி. உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்தால் நாலு பேர் "என்னுடையது" என்று வருவார்கள். நண்பன் ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணி, ஒரு தாளில் எழுது. பேருந்து நிலையத்திலேயே போலீஸ் அறை இருக்கும், அங்கே கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு எழுதி வாங்கிக்கொள். டைம் கீப்பரிடமும் சொல்லி வை. தொலைத்தவர் முதலில் அங்கேதான் வந்து விசாரிப்பார்.

வங்கிப் பணியாள்

அதற்கு முன்னால் இன்னொன்று. அட்டையில் வங்கிப் பெயர் இருக்கும் அல்லவா? பக்கத்தில் உள்ள அதன் கிளைக்குப் போங்கள். உங்களிடம் அவர் விவரத்தைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் அட்டையை வைத்து அவரைக் கண்டுபிடித்து அவர்களே தகவல் சொல்ல முடியும். உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். மருத்துவமனைச் சீட்டில் புறநோயாளி எண் இருந்தால் அங்கேயும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். இன்று சனிக்கிழமை, எத்தனையாவது சனி என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவதோ நான்காவதோ என்றால் கிளை திறக்காது.

மலைக்கோட்டை மாணவன்

முதல் சனிதான். கிளம்பிவிட்டேன். அந்த மருத்துவமனைச் சீட்டில் திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லித் தேதி போட்டிருக்கிறது. அதற்குள் கிடைத்துவிட்டால் நல்லது.